ஆத்தா சாய்ந்த திசை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சென்ற வாரம் இந்தச் செய்தித்தாள் பத்தியில், மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிய நாள்களைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். இவ்வாரம் அத்தொழிலை நான் ஏன் கைவிட்டேன் என்பதையும், அதனால் விளைந்த ஒரு காரியத்தையும் எழுதப் புகுகிறேன். தொடக்கத்தில் இது என் உடம்பின் கதையாகத் தோன்றும். ஆனால், இதில் இன்னொருவர் உயிர் அடங்கியிருந்தது. ஆகையால் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

காதுக்குப் பின்னால் இரண்டு கம்பிகள்

அது குளிரூட்டிய ஒரு சிறிய அறை. நான் வெறுங்காலோடு ஓர் இரும்புப் பலகையின்மேல் நின்றுகொண்டிருந்தேன். விழுந்துவிடாதபடி இடுப்பில் அகலமான பட்டை கட்டி, அதை மேலே ஒரு கொக்கியில் மாட்டியிருந்தார்கள். இரு காதுகளுக்கும் பின்னே எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் ஈரப் பசையோடு கூடிய வில்லைகள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் ஒரு கைப்பெட்டிக்குச் சென்றன. பசை சில்லென்று கழுத்தில் வழிந்தது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மங்களம் அமர்ந்திருந்தாள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரு கைகளையும் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை சிறிதும் இல்லை.

"கரண்டு வச்சா உரிச்ச கோழிகூடத்தான் ஆடும்ணே" என்றாள்.

"கொஞ்சம் பொறு, தங்கச்சி."

"பொறுக்கத்தானே வந்திருக்கேன். வீட்ல அவர தனியா விட்டுட்டு."

சோதனை நடத்தியவர் புவான் (திருமதி) ஹஸ்லினா என்னும் ஆய்வாளர். தலைநகரிலிருந்து வந்து, மலாக்கா நகரில் ஒரு மருத்துவமனை அறையைப் பெற்று இப்பணியைச் செய்துவந்தார். "பக்சிக், காலைச் சேர்த்து வையுங்கள். நேராகப் பாருங்கள். இப்போது கண்ணை மூடுங்கள்" என்று மலாய் மொழியில், மாமா என்னும் பொருளில் பக்சிக் என அழைத்து, மென்மையாகச் சொன்னார்.

கண்ணை மூடினேன். காதோரம் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. அவ்வளவுதான் நான் உணர்ந்தது.

"ஐயோ" என்று மங்களத்தின் குரல் கேட்டது.

அவள் ஏன் ஐயோ என்றாள் என்பதைச் சொல்ல, நான் சற்றுப் பின்னால் போகவேண்டும்.

குலுங்கும் பெயர்ப்பலகைகள்

சில ஆண்டுகளுக்கு முன் என் காலில் பட்ட ஒரு காயம் சீழ் வைத்து, விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. மருத்துவமனையில் வாரக்கணக்கில் வீரியமான ஊசி மருந்து ஏற்றினார்கள். அம்மருந்து என் உயிரைக் காத்தது. போகும்போது மட்டும் என் காதுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போயிற்று.

கேட்கும் திறனுக்குக் குறைவில்லை. மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கென்று காதின் ஆழத்தில் இன்னோர் அவயவம் உண்டாம். வளைந்த குழாய்களும் சிறு பைகளுமாக அமைந்த அது, தலை எப்பக்கம் சாய்கிறது, எப்பக்கம் திரும்புகிறது என்று நொடிதோறும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அறுபது வயது கடந்த பின்னரே, அப்படி ஒன்று என்னிடம் இருந்தது எனக்குத் தெரியவந்தது. அதுவும் அதை இழந்த பிறகு.

நடந்தால் உலகம் குலுங்கியது. பாயா ரும்புட் சாலையோரத்துப் பெயர்ப்பலகைகள் என் ஒவ்வோர் அடிக்கும் எழும்பி எழும்பி விழுந்தன. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியை அத்தகைய கண்களோடு ஓட்டுவது பாவம் என்று சாவியை ஒப்படைத்துவிட்டேன்.

பகலில் கண்ணின் துணையால் நடந்தேன். கண்ணை மூடினால் தீர்ந்தது. முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு குளியலறையில் நின்றால், சுவர் வந்து தோளில் மோதும். பசாரில் கோணலாக நடப்பதைக் கண்டு, "காலையிலேயே போட்டுட்டாரு" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன்.

"குடிச்சிருந்தா ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிருக்கும். உங்களுக்கு அதுவும் இல்ல" என்றாள். பிறகு தக்காளிப் பையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேசாத தெய்வம்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போனால் எங்கள் பழைய ரப்பர்த் தோட்டம். இன்று அங்கு வீடுகள் இல்லை, எண்ணெய்ப் பனைதான். ஆனால், மாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்று வட்டாரத் தாமான் குடியிருப்புகளில் குடியேறிவிட்ட நாங்கள் எல்லாரும் திருவிழாவுக்கு அங்கே கூடிவிடுவோம்.

பிற கோயில்களில் அருள் வந்தவர்கள் வாக்குச் சொல்வார்கள். எங்கள் கோயிலில் ஆத்தா பேசமாட்டாள், சாய்வாள். கேள்வியை முன்வைத்தால், அருள் வந்தவர் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தால் ஆம், இடப்பக்கம் சாய்ந்தால் வேண்டாம். இவ்வழக்கம் எங்கிருந்து வந்ததென்று எவருக்கும் தெரியாது. என் இளமையில் வீரம்மா என்ற மூதாட்டி மீது ஆத்தா இறங்குவாள். திருமணம், வழக்கு, வேலைநிறுத்தம் எதுவாயினும் அவர் சாய்வைப் பார்த்தே முடிவு செய்தார்கள். ஒரு தடவை கால்பந்துக் குழுவினர்கூட, நாளைய ஆட்டத்தில் வெல்வோமா என்று கேட்டார்கள். அவர் நேரே பின்னால் சாய்ந்துவிட்டார். அதன் பொருள் என்னவென்று இன்றுவரை வாதம் நடக்கிறது.

வீரம்மா காலமான பின், அக்கோயிலில் எவர் மீதும் ஆத்தா இறங்கவில்லை. நெடுங்காலம் இறங்கவில்லை.

திருவிழாவன்று

சோதனைக்குச் சில வாரங்களுக்கு முன் திருவிழா. உறுமி மேளம் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. தீபாராதனையின்போது எல்லாரையும் போல நானும் கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடினேன். அது அறுபதாண்டுப் பழக்கம். காது கெட்டது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

உடம்பு ஆடத் தொடங்கியது. விழக்கூடாதே என்று கால்களை இறுக்கினேன், ஆட்டம் மிகுந்தது. எவரோ குலவையிட்டார். நெற்றியில் திருநீறு அப்பினார்கள். வாயருகே எலுமிச்சம்பழம் வந்தது. திருநீறு கண்ணில் விழுந்ததால் திறக்கவும் இயலவில்லை. அப்போது என் காலடியில் ஒரு பெண் விழுந்து அழுதாள்.

"ஆத்தா, அவரு காலை வெட்டணும்ங்கிறாங்க. வெட்டலாமா, வேணாமா? சொல்லு தாயே!"

அது மங்களம். அவள் கணவர் பெருமாள், இளமையில் எங்கள் தோட்டத்துக் கால்பந்துக் குழுவில் ஆடியவர். அவருக்கு நீரிழிவு. இடது பாதத்தில் விரல்கள் கறுத்து, புண் மேலே ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றும் மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தேன். மழைநீர் வடிவதற்காக அவ்விடத்துத் தரையை இடப்புறம் சற்றுத் தாழ்வாகப் போட்டிருந்தார்கள். காரணம் அவ்வளவே.

"வேணாம்னுட்டா! ஆத்தா வேணாம்னுட்டா!" என்று கூட்டம் முழங்கியது.

சாம்பிராணி வாசம்

எழுந்தவுடனே சொன்னேன், ஐயா. அங்கேயே, அப்பொழுதே சொன்னேன். என் காது பழுது, சாமி வந்ததல்ல என்றேன். எல்லாரும் கனிவோடு சிரித்தார்கள்.

"வந்தவங்களுக்கு வந்தது தெரியாதுண்ணே" என்றாள் மங்களம். "வீரம்மா பாட்டியும் எந்திரிச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்லும்."

இவ்வாதத்தை எவ்வாறு வெல்வது? நான் மறுக்க மறுக்க அதுவே சான்றாயிற்று.

மறுநாளும் அதற்கடுத்த நாள்களிலும் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. அந்த மணத்துக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. பெருமாள் சாய்வு நாற்காலியில், காலை ஒரு முக்காலியின்மேல் நீட்டி அமர்ந்திருந்தார். மருத்துவமனை குறித்துக் கொடுத்த நாள் கடந்துவிட்டிருந்தது.

"பஸ்காரண்ணே, ஆத்தாவே வேணாம்னுட்டா லா. டாக்டரு என்னா பண்ணுவாரு?" என்று சிரித்தார்.

அச்சிரிப்பில் நிம்மதி இருந்தது. அவருக்குக் கத்தியின்மேல் பயம். ஆத்தா அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல சட்டையை மாட்டிவிட்டாள். ஆனால், அவர் நெற்றியைத் தொட்டால் சுட்டது.

அந்நாள்களில்தான் புவான் ஹஸ்லினாவின் ஆய்வுக்கு என்னை அழைத்திருந்தார்கள். என் காதின் அவயவம் பழுதானாலும், அதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று மெல்லிய மின்சாரத்தால் தட்டிப் பார்ப்பதே நோக்கம். முதல் முறை போனபோது, மின்சாரம் தந்ததும் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்ததைத் திரையில் கோடாகக் காட்டினார். நேர்மின் வில்லை எந்தக் காதில் இருக்கிறதோ அந்தப் பக்கம் உடம்பு சாயுமாம். தலை எதிர்ப்பக்கம் சரிகிறது என்ற பொய்ச் செய்தியை நரம்பு ஏந்திச் செல்ல, மூளை அதை நம்பி உடம்பை இப்பக்கம் இழுத்துக்கொள்கிறது.

எந்தப் பக்கம் என்பதைக் கம்பி முடிவு செய்கிறது! எனக்கு மங்களத்தின் நினைவு வந்தது. விவரத்தைச் சொல்லி, அடுத்த முறை ஒருவரை அழைத்துவரலாமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து இசைந்தார்.

மங்களம் வர மறுத்தாள். பெருமாள்தான் அனுப்பிவைத்தார். "போய்ப் பாத்துட்டு வா. ஆத்தா அந்த மிஷின்லயும் இருக்காளானு தெரிஞ்சுக்கலாம்" என்றாராம்.

மங்களத்தின் கை

இப்போது அந்த அறைக்குத் திரும்புவோம். அவள் ஐயோ என்றது, நான் இடப்பக்கம் சாய்ந்ததைக் கண்டு. திருவிழாவன்று கண்ட அதே சாய்வு.

கண்ணைத் திறந்தேன். மங்களம் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தாள். நெடுநேரம் கம்பிகளையே பார்த்தாள். பிறகு மலாய் மொழியில் புவான் ஹஸ்லினாவிடம் கேட்டாள். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கெல்லாம் அம்மொழி சரளம்.

"நான் கையைத் தூக்கினால் வலது பக்கம் சாய வையுங்கள். தூக்காவிட்டால் இடது. இவருக்குச் சொல்லக் கூடாது."

என்னிடம் தமிழில், "கண்ணை இறுக்கி மூடுங்கண்ணே. திருட்டுத்தனமா பாத்தீங்க, நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றாள்.

மூடினேன். குறுகுறுப்பு வந்தது, போனது, மீண்டும் வந்தது. நான் எந்தப் பக்கம் போனேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அறையில் குளிரூட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவளது வளையல் ஒலித்தது. சிறிது நேரம் ஒலிக்கவில்லை. மறுபடி ஒலித்தது.

புவான் ஹஸ்லினா என் முகத்தை இடத்தோள் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பியதால் வலக்காது முன்பக்கம் வந்தது. வளையல் ஒலித்தது. இம்முறை என் உடம்பு, பின்னர் திரையில் கண்டபடி, வலப்புறம் போகாமல் நேர்முன்னே, அவள் இருந்த திசை நோக்கிச் சாய்ந்தது. காது எங்கே போனதோ அங்கே உடம்பும் போயிற்று.

"போதும்" என்றாள் மங்களம்.

கண்ணைத் திறந்தேன். அவள் தன் வலக்கையை மடியில் வைத்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை வேறெவருடையதோ என்பதுபோல.

பிறகு, "எனக்கும் வைங்க" என்றாள். இதயக் கருவி உண்டா, வலிப்பு உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு அவளைப் பலகையில் ஏற்றினார்கள். என்னைவிட அவள் அதிகமாகவே சாய்ந்தாள். அவள் காதுகள் நல்ல காதுகள் அல்லவா?

"என்னைத் தள்ளுனது யாரு?" என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. நானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் அன்று நடந்தது. அதை விட்டுவிட மனம் வரவில்லை. இறுதியில் நான் உணரவே இயலாத அளவு மிகச் சிறிய மின்சாரத்தை, ஒழுங்கில்லாத இரைச்சலைப் போல என் காதுகளுக்குத் தந்தார்கள். கண்ணை மூடி நின்றேன். சுவர் வந்து மோதவில்லை. மங்களம் "செலை மாதிரி நிக்கிறாரு" என்றாள். பழைய உடம்பு சில நிமிடங்களுக்குத் திரும்பி வந்தது. அப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். ஆய்வு முடியாமல் தர இயலாது என்றார். "அதுவரை, பக்சிக், கண்ணை மூடும்போது அசையாத ஏதாவது ஒன்றில் விரல்நுனியை வையுங்கள். ஊன்ற வேண்டாம்; தொட்டால் போதும். உடம்பு அதை வைத்தே நிலையைக் கண்டுகொள்ளும்."

கடைசி மிடறு

திரும்பும் வழியில் சரோஜா காரை ஒரு கடையோரம் நிறுத்தினாள். இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுநர். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து தவறு கண்டுபிடிப்பவன். மூவரும் பால் இல்லாத தேநீர் வாங்கினோம். மங்களம் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"அப்ப அன்னிக்கு ஆத்தா வேணாம்னு சொல்லல."

"இல்ல, தங்கச்சி."

"வேணும்னும் சொல்லல."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"யாருமே ஒண்ணும் சொல்லல. அப்ப நான்தானே சொல்லணும்?" என்றாள். "நீங்க நல்லதுதாண்ணே பண்ணீங்க. ஆனா ஆத்தா சொன்னாங்கிறப்ப ராத்திரி தூங்குனேன். நாளைக்கு நான் வெட்டுங்கன்னு சொல்லி, அவரு கண்ணு முழிக்கலைன்னா, நான் யாருகிட்ட போய்ச் சண்டை போடுவேன்?"

ஐயா, அம்மையீர், நான் பல நூல்களை நானாகவே படித்தவன். அக்கேள்விக்கு அவற்றில் ஒரு வரியும் எனக்கு உதவவில்லை. அவள் பிடித்து நின்ற ஒன்றை நான் பிடுங்கினேன், பிடுங்கியது சரியே. எனினும், பதிலுக்கு அவள் கையில் எதை வைத்தேன்?

சரோஜா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட போடு. பக்கத்து வீட்ல தானே இருக்கேன்? எந்நேரமும் கதவு திறந்துதான் கெடக்கும். வந்து சண்டை போடு லா" என்றாள்.

மங்களம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கடைசி மிடறைக் குடித்துவிட்டு எழுந்தாள். "வண்டிய எடுங்கக்கா. அவர ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போயிரலாம்."

பெருமாள் முதலில் முரண்டு பிடித்தார். அவள் நாற்காலியின் எதிரே நின்று, "ஆத்தா சொல்லல. நான் சொல்றேன். எந்திரிங்க" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரு கைகளையும் அவளை நோக்கி நீட்டினார்.

காரில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "பெனால்டி அடிச்சதெல்லாம் வலது காலுண்ணே. போறது இடதுதான். அந்த மட்டுக்கும் லாபம்."

இவ்வாண்டுத் திருவிழா

அண்மையில் திருவிழா மீண்டும் வந்தது. பெருமாள் செயற்கைக் காலோடு, அதன் மேல் மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து, சன்னிதிக்கு முன் இரும்புக் கம்பித் தடுப்பைப் பிடித்து நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். தரை சரிந்த இடத்தைத் தவிர்த்துக்கொண்டேன்.

கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அறிவேன். உறுமி எழுந்தது, கற்பூரம் எரிந்தது. ஒரு கையை நெஞ்சருகே வைத்து, மறு கையின் ஒரு விரலைப் பெருமாளின் தோளில் வைத்தேன். ஊன்றவில்லை, தொட்டேன். கண்ணை மூடினேன். சட்டைக்குக் கீழே அவரது தோள் இலேசாக ஆடியது. புதுக் காலுக்கு அவர் இன்னும் பழகவில்லை. அந்த ஆட்டத்தை என் விரல் அறிந்தது. என் விரலை அவர் தோள் அறிந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் இரண்டும் அடங்கின.

பின்னாலிருந்து ஒரு பெண் ஏமாற்றத்தோடு கேட்டாள்: "என்னாடி மங்களம், இந்த வருசம் ஆத்தா வரலியா?"

"வந்துட்டா" என்றது மங்களத்தின் குரல், எங்கள் இருவர் முதுகுக்கும் பின்னாலிருந்து. "நேரா நிக்கிறா பாரு."

ஐயா, அம்மையீர், எங்கள் கோயிலில் இனியும் எவரேனும் கண்மூடி ஆடக்கூடும். அவர் காலடியில் எவரேனும் விழுந்து கேட்கவும் கூடும். அன்று எடுத்துக் காட்டுவதற்காக, இந்தக் குறிப்பை ஒருவரேனும் கத்தரித்து வைத்திருக்க வேண்டுகிறேன்.